குழாயும் கடலும்: பிவிசி பைப்பில் நீர்மூழ்கி செய்யலாமா?



எங்கள் மங்கலம்பேட்டை பக்கம் "சப்மெர்சிபிள்" என்று சொன்னால் யாருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் ஞாபகம் வராது. போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டார்தான் ஞாபகம் வரும். "சப்மெர்சிபிள் போயிடுச்சு" என்றால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குச் சோகம். ஆனால் உலகத்தில் வேறு சில பேர் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கிற பிவிசி பைப்பை வாங்கி, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, உள்ளே பேட்டரியும் கேமராவும் வைத்து, அதைக் குளத்திலும் கடலிலும் இறக்குகிறவர்கள். அவர்களுக்கு சப்மெர்சிபிள் என்றால் அதுதான்.

என்னடா, காமர்ஸ் படிக்கிறவன் டெபிட் கிரெடிட்டை விட்டுவிட்டு இதை எழுதுகிறானே என்று பார்க்கிறீர்களா? பத்தாம் வகுப்போடு பிசிக்ஸுக்கு டாட்டா காட்டியவன்தான் நான் :-) ஆனால் இந்த பைப் கதையில் விலை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கணக்கை மதிக்காமல் செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதத் தோன்றியது.

பைப் மேல் எழுதியிருக்கும் நம்பர்

ஹார்டுவேர் கடையில் பைப் கேட்டால் "4 கிலோவா, 6 கிலோவா, 10 கிலோவா?" என்பார்கள். அது பைப்பின் எடை இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று பொருள். தண்ணீரில் 10 மீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். அப்படியென்றால் 6 கிலோ பைப் 60 மீட்டர் ஆழம் வரை தாங்கும், இல்லையா?

இல்லை. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிற இடம். அந்த 6 கிலோ என்பது உள்ளே தண்ணீர் ஓடும்போது சுவரை வெளியே தள்ளுகிற அழுத்தம். கடலுக்குள் நடப்பது தலைகீழ். உள்ளே காற்று, வெளியே தண்ணீர். சுவரை உள்ளே தள்ளுகிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அறுக்க முடியாது. அதே குச்சியைத் தரையில் ஊன்றி மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் வளைந்து படக்கென்று போய்விடும். உள்ளேயிருந்து வரும் அழுத்தம் பைப்பின் சுவரை இழுக்கிறது. வெளியேயிருந்து வரும் அழுத்தம் சுவரை ஒடுக்குகிறது. ஒடுக்கும்போது பொருளின் வலிமை தீர்வதற்கு முன்னாலேயே வட்டம் முட்டையாகி, முட்டை தட்டையாகிவிடும்.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சுவரின் தடிப்பை விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை மூன்று முறை தன்னோடு பெருக்க வேண்டும். மீதியெல்லாம் பொருளின் விறைப்பைப் பொறுத்தது. 110 மி.மீ. பைப், சுவர் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டு பிவிசியின் விறைப்பைப் போட்டுப் பார்த்தால், நீளமான பைப்புக்கு விடை 3.8 கிலோ பக்கத்தில் வருகிறது. அதாவது 40 மீட்டர்கூட இல்லை. இன்னொரு விஷயம் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் 6 கிலோ என்பது பாதுகாப்புக்கு இடம் விட்டுச் சொன்ன எண். பைப் வெடிக்க அதைவிட நிறைய அழுத்தம் வேண்டும். இந்த 3.8 கிலோவோ நசுங்கியே போகிற எல்லை. அதுவும் பைப் அச்சு அசலான வட்டமாக இருந்தால்தான். வெயிலில் கிடந்து சற்றே முட்டையானது என்றால் எல்லை இன்னும் இறங்கும். அழுத்தம் பல நாள் நீடித்தாலும் இறங்கும், ஏனென்றால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும்.

ஆனால் மூன்று முறை பெருக்குவதில் ஒரு லாபமும் இருக்கிறது. அதே விட்டத்தில் சுவரை இரட்டிப்பாக்கினால் தாங்கும் திறன் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும்!

இதைக் கண்டுபிடித்தது பாய்லர்காரர்கள்

வெளி அழுத்தத்தில் குழாய் எப்படி நசுங்குகிறது என்று முதலில் ஒழுங்காகச் சோதித்தவர் கப்பல்காரர் இல்லை, பாய்லர் செய்தவர். பெயர் வில்லியம் ஃபேர்பேர்ன். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மில்களுக்கெல்லாம் நீராவி. அவரும் ஹெதரிங்டன் என்பவரும் சேர்ந்து 1844ல் காப்புரிமை வாங்கிய லங்காஷயர் பாய்லரில், பெரிய உருளைக்குள் இரண்டு குழாய்கள் போகும். குழாய்க்குள் நெருப்பு, குழாய்க்கு வெளியே தண்ணீரும் நீராவியும். அதாவது அந்தக் குழாய்களின் நிலைமை கடலுக்குள் இருக்கும் குழாயின் நிலைமையேதான்.

அந்தக் காலத்து பாய்லர்கள் அடிக்கடி வெடித்தன, ஆட்கள் செத்தார்கள். பல விபத்துகளில் வெளி உருளை கிழியவில்லை, உள்குழாய்தான் நசுங்கியிருந்தது. ஃபேர்பேர்ன் பல அளவுக் குழாய்களைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து நசுக்கிப் பார்த்து, முடிவை 1858ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். அவர் கண்ட முக்கியமான உண்மை, நீளம் கூடக் கூடக் குழாய் சீக்கிரம் நசுங்கும். அதுவரை நீளத்துக்கும் வலிமைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நம்பி வந்தார்கள். அவர் சொன்ன வழி சுலபமானது. நீளக் குழாயின் நடுநடுவே கெட்டியான வளையம் போடு, ஒரு நீளக் குழாய் பல குட்டைக் குழாய்களாக நடந்துகொள்ளும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் விலா எலும்பு மாதிரி வளையங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குழாயை விட்டு உருண்டைக்கு

ஆழம் இன்னும் கூடினால் வளையமும் போதாது. அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடும் வடிவம் உருண்டை ஒன்றுதான். 1930ல் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடா கடலில் இறங்கியது ஓர் இரும்பு உருண்டையில், பேதிஸ்பியர் என்று பெயர். 1934ல் 923 மீட்டர் போனார்கள்.

இவர்கள் கதையில் நம் பைப் நண்பர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 1932ல் ஆள் இல்லாமல் சோதனைக்கு இறக்கிய உருண்டை கசிந்து, ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரோடு மேலே வந்தது. ஆழத்தின் அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. கதவின் நடு போல்ட்டைத் தளர்த்தியதும் அது பீரங்கிக் குண்டு மாதிரி கப்பல் தளத்தின் குறுக்கே பறந்தது. எதிரில் ஆள் இருந்திருந்தால் அவ்வளவுதான். நம் 110 மி.மீ. பைப்பின் மூடி 95 சதுர சென்டிமீட்டர் பரப்பு. உள்ளே 5 கிலோ அழுத்தம் மாட்டிக்கொண்டால் மூடியை 475 கிலோ விசை தள்ளும். கசிந்த பைப்பைக் கரைக்குக் கொண்டுவந்து, முகத்துக்கு நேரே பிடித்துத் திறக்கிறவர் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மூடியில் அழுத்தத்தை மெல்ல விடுவிக்கும் சிறிய திருகு ஒன்று வைக்கிறார்கள்.

1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட் என்ற கலத்தில் மரியானா அகழியின் அடிக்கே போனார்கள், சுமார் 10,900 மீட்டர். அதுவும் எஃகு உருண்டைதான், சுவர் 12.7 செ.மீ. ஆனால் ஜன்னல் பிளாஸ்டிக்! பிளெக்ஸிகிளாஸ் என்கிற அக்ரிலிக்கைக் கூம்பு வடிவில் வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் அழுத்த அழுத்தக் கூம்பு தன் இருக்கையில் இன்னும் இறுக்கமாக உட்காரும். ஆக, பிளாஸ்டிக் ஆழ்கடலுக்கு ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எவ்வளவு தடிப்பு, என்ன வடிவம் என்பதுதான் கேள்வி.

1971ல் வந்த ஜான்சன் சீ லிங்க் கலத்தின் முன்பகுதியே ஒரு முழு அக்ரிலிக் உருண்டை. 1973 ஜூனில் அது அமெரிக்காவின் கீ வெஸ்ட் அருகே, மூழ்கிய கப்பல் ஒன்றின் சிதைவில் சிக்கி ஒரு நாளுக்கும் மேல் மாட்டிக்கொண்டது. அக்ரிலிக் உருண்டையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் அலுமினிய அறையில் இருந்த இருவர் இறந்தார்கள். அலுமினியம் கடலின் குளிரை உள்ளே கடத்தியது. குளிரில் கரியமில வாயுவை உறிஞ்சும் ரசாயனம் வேலை செய்யாமல் போனது. இறந்தவர்களில் ஒருவர், கலத்தை வடிவமைத்த எட்வின் லிங்கின் மகன். சுவர் நசுங்காமல் இருந்தும் உயிர் போனது. அழுத்தம் என்பது கணக்கில் ஒரு வரிதான்.

பிவிசி வந்த வழி

இப்போது பைப்புக்கு வருவோம். பிவிசியை 1872ல் ஜெர்மனியின் ஆய்கன் பவ்மான் எழுதி வைத்தார், அப்போது யாருக்கும் பயன்படவில்லை. 1926ல் அமெரிக்காவின் பி.எப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமான் அதை மென்மையாக்கி வியாபாரப் பொருளாக மாற்றினார். மென்மையாக்காத கெட்டி பிவிசியில் குழாய் செய்தது 1930களின் ஜெர்மனி. நாம் தண்ணீருக்குப் போடும் பைப் அந்த வம்சம்தான்.

தமிழ்நாட்டுக்கு இது மேட்டூர் வழியாக வந்தது. அதே குட்ரிச் கம்பெனியின் கூட்டோடு தொடங்கிய கெம்பிளாஸ்ட் 1967ல் அங்கே பிவிசி உற்பத்தியை ஆரம்பித்தது. பிறகு 2009ல் எங்கள் கடலூர் சிப்காட்டிலேயே பெரிய பிவிசி ஆலை வந்தது. அதற்கான மூலப்பொருள் வாயு கப்பலில் வந்து, சித்திரைப்பேட்டை கடற்கரைக்கு அப்பால் இருந்து கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வருகிறது. பைப் ஆகப்போகிற பொருளே பைப்பில்தான் கடலைத் தாண்டி வருகிறது! (சிப்காட் என்றதும் காற்று மாசும் நிலத்தடி நீர் மாசும் ஞாபகம் வரும். அது தனிக் கட்டுரைக்கு உரியது, இரண்டு வரியில் முடித்தால் நியாயமாகாது.)

பைப் தண்ணீரில் இறங்கியது

1997ல் ஹேரி போம், விக்கி ஜென்சன் என்ற இருவர் நீரடி ரோபோவை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் இருந்த சீபெர்ச் என்ற சின்ன ரோபோ பிவிசி பைப் சட்டகம் கொண்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. அதை எடுத்து 2003லிருந்து பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 2004ல் இன்னொரு அதிசயம். அரிசோனா மாநிலத்தில் கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளியின் ஏழை மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் நான்கு பேர், பிவிசி பைப்பில் செய்த ரோபோவோடு நீரடி ரோபோ போட்டிக்குப் போய், எம்.ஐ.டி. உட்படக் கல்லூரி அணிகளைத் தோற்கடித்துப் பரிசு வாங்கினார்கள். ரோபோவுக்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்டிங்கி", நாற்றம் பிடித்தது என்று அர்த்தம். காரணம் பைப் ஒட்டும் சொல்யூஷனின் வாடை. பிளம்பர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும் :-)

சீபெர்ச்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது மோட்டாரைக் காப்பாற்றும் விதம். பழைய போட்டோ ஃபிலிம் டப்பா ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் சின்ன மோட்டாரை வைத்து, மீதி இடம் முழுக்க மெழுகை நிரப்பிவிடுவார்கள். காற்றுக்கு இடமே இல்லை. காற்று இல்லையென்றால் நசுங்க எதுவும் இல்லை.

இதைப் படித்தபோது நம் ஊர் போர்வெல் மோட்டார்தான் கண்முன் வந்தது. தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரை இறக்குவதற்கு முன் மெக்கானிக் அதற்குள் நல்ல தண்ணீரை ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை காத்திருப்பார். பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், மோட்டாருக்குள் தண்ணீரா என்று. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்பதால் எத்தனை நூறு அடி போனாலும் அதன் சுவர் நசுங்குவதில்லை. ஆழ்கடல் இயந்திரங்களிலும் இதே தத்துவம்தான், தண்ணீருக்குப் பதில் எண்ணெய். ஆழத்தைச் சமாளிக்க இரண்டு வழி: ஒன்று எதிர்த்து நில், இல்லையென்றால் சமமாகிவிடு. பேட்டரி, மோட்டார் எல்லாம் சமமாகிவிடலாம். மனுஷனால் முடியாது, அவன் மூச்சு விட வேண்டும்.

டைட்டன்

அந்த "எதிர்த்து நில்" வழியில் குறுக்குப் பாதை தேடியதுதான் டைட்டன். ஓஷன்கேட் என்ற அமெரிக்கக் கம்பெனி, 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைக் காட்ட ஒரு கலம் செய்தது. உருண்டையில் இடம் குறைவு. அதனால் ஐந்து பேர் உட்கார நீளமான உருளை, அதாவது குழாய். பொருள் கார்பன் ஃபைபர், சுவர் ஐந்து அங்குலம், இரு முனையிலும் டைட்டானியம் மூடிகள். ஒரு டிக்கெட் இரண்டரை லட்சம் டாலர், நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்.

கம்பெனியின் கடல் பணி இயக்குநரே 2018ல் குறைகளை எழுதிக் கொடுத்தார், வேலையை விட்டு நீக்கப்பட்டார். வெளியாரின் தரச் சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. 2019ல் முதல் உருளையில் விரிசல் கண்டு வேறொன்று செய்தார்கள். அந்த இரண்டாவது உருளை 2022 ஜூலையில் ஒரு பயணத்தில் மேலே வரும்போது பெரிய சத்தம் கேட்டது. கலத்தில் பொருத்தியிருந்த உணர்கருவிகளின் பதிவிலும் மாற்றம் தெரிந்தது. அடுத்த வருஷம் அதையே மறுபடி இறக்கினார்கள். 2023 ஜூன் 18, ஐந்து பேரும் போய்விட்டார்கள். அதில் ஒரு தந்தையும் 19 வயது மகனும் உண்டு. என்னைவிடச் சின்னவன். 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றது.

குழாய் என்ற வடிவத்தைக் குற்றம் சொல்லவில்லை. உலகக் கடல்களில் 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறும் ஆர்கோ மிதவைகள் அலுமினியக் குழாய்கள்தான், ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சென்னையில் நடப்பது

இதே ஆழத்துக்கு நம் ஊர்க்காரர்கள் எப்படிப் போகிறார்கள்? சென்னை பள்ளிக்கரணையில் 1993ல் தொடங்கிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் (என்ஐஓடி) முதலில் ஆளில்லாத ரோசப் 6000ஐ செய்து, 2010ல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறக்கியது. பிறகுதான் ஆள் போகும் கலம், மத்ஸ்யா 6000. மூன்று பேருக்கு 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கலவை உருண்டை, சுவர் 8 செ.மீ. அதற்கும் முன்னால் சாதாரண எஃகில் ஓர் உருண்டை செய்து 2021 அக்டோபரில் வங்காள விரிகுடாவில் 600 மீட்டர் வரை மட்டும் சோதித்தார்கள். 2025 ஜனவரி, பிப்ரவரியில் மத்ஸ்யாவைக் காட்டுப்பள்ளித் துறைமுகத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். மெதுவாகப் போகிறார்களே என்று கேலி செய்யலாம். டைட்டன் கதையைப் படித்த பிறகு அந்த மெதுவில் எனக்கு மரியாதைதான் வருகிறது.

கடைசியாகக் கணக்கு

காமர்ஸ்காரன் பாணியில் முடிக்கிறேன். பிவிசி பைப்பின் பெரிய பலம் அதன் வலிமை இல்லை, விலை. சில நூறு ரூபாய்ப் பைப் நசுங்கினால் அது செலவு, நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததை வெட்டலாம். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள ஏழை மாணவனுக்கும் அனுமதி தருகிற பொருள் அது. கார்ல் ஹேடன் மாணவர்கள் ஜெயித்தது அதனால்தான். ஆனால் உள்ளே ஆள் உட்கார்ந்த நிமிஷம் அந்தக் கணக்கு செல்லாது. உயிரைத் தேய்மானத்தில் காட்ட முடியாது.

ஆகவே செய்ய ஆசைப்படும் நண்பர்களுக்கு: ஆள் ஏறுவது என்ற பேச்சே வேண்டாம், கேமரா மட்டும் போகட்டும். பத்து மீட்டருக்குள் இருங்கள். பைப்பைக் குட்டையாக வெட்டுங்கள், சுவர் தடித்ததை வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் வைக்கும் முன் வெறும் பைப்பைக் கல் கட்டி இறக்கி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது, பிவிசி உடைந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். திறக்கும்போது மூடிக்கு எதிரில் நிற்காதீர்கள்.

கிணறோ குளமோ, தனியாகப் போகாதீர்கள். பைப் திரும்பி வராவிட்டால் பரவாயில்லை, நீங்கள் திரும்பி வர வேண்டும்.